இரண்டும் இடது கதவு

என் வீட்டுக்காரர் வலது கையில் மாவுக்கட்டோடு அரியலூர் பஸ்ஸை விட்டு இறங்கினபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். ஜீப் சீட் இரண்டை அரியலூரில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று காலையில் போன மனிதர். பஸ் மேலே கட்டியிருந்த சீட்டை இறக்கும்போது ஏணியில் கால் வழுக்கிவிட்டதாம். கண்டக்டர் அவசரப்படுத்தினாராம். நிதானத்துக்குப் பேர்போன ஆள், அந்த ஒரு நாள் பார்த்தா அவசரப்பட வேண்டும்?

“கொஞ்சம் பாத்து இறங்கியிருக்கக் கூடாதா?” என்று பஸ் ஸ்டாண்டிலேயே கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“மொதல்ல வூட்டுக்குப் போவோம்,” என்றார்.

மணிக்கட்டு எலும்பு. நாற்பது நாள் அசைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்று சனிக்கிழமை. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் இடத்துக்காரருடைய காரை முடித்துக் கொடுத்தாக வேண்டும். வீடு வரைக்கும் நான் நாளைத்தான் எண்ணிக்கொண்டு நடந்தேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். எப்படி எண்ணினாலும் நாலு நாள்தான் வந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூரில் திருச்சி போகிற ரோட்டோரம், பெட்ரோல் பங்கை ஒட்டிய காலி மனையில் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்ட கொட்டகைதான் எங்கள் குஷன் பட்டறை. கார், ஜீப், வேன் எது வந்தாலும் சீட்டுக்கு உறை போட்டு, கதவின் உட்பக்கத்துக்கு ரெக்சின் ஒட்டி, தரைக்குக் கார்ப்பெட் போட்டுக் கொடுப்போம். மனை எங்களுடையது இல்லை. அதன் சொந்தக்காரரை நாங்கள் இடத்துக்காரர் என்றுதான் சொல்வோம். அவர் பெண்ணுக்கு வைகாசியில் வெள்ளிக்கிழமை முகூர்த்தம். வியாழக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு அவருடைய சொந்த அம்பாசிடரில். அந்த அம்பாசிடரைத்தான் உள்ளே முழுக்கப் புதுசாக்கச் சொல்லி எங்களிடம் விட்டிருந்தார்.

“வியாழக்கெழம மத்தியானம் வண்டி என் வாசல்ல நிக்கணும். நிக்கலேன்னா நீ வேற எடம் பாத்துக்கப்பா,” என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. அதே இடத்தில் பஞ்சர் கடை போட அவருடைய மச்சான் பையன் ஒருவன் காத்துக்கொண்டிருந்தான். அந்த ரோட்டோரத்தை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஊருக்குள் எந்தச் சந்தில் காரை நிறுத்தி வேலை செய்வது?

சீட் முடிந்திருந்தது. பின்பக்கக் கதவு இரண்டையும் என் வீட்டுக்காரர் ஒட்டி மாட்டியிருந்தார். மிச்சம் இருந்தது தரைக் கார்ப்பெட்டும் முன்கதவு இரண்டும்.

“நான் செய்யறேன்,” என்றேன்.

“நீயா?”

“ஏன், நான் ரெக்சினைப் பாத்ததில்லையா?”

கல்யாணத்துக்கு முன்னால் அரியலூரில் ஒரு பைக்கடையில் மிஷின் மிதித்தவள் நான். பள்ளிக்கூடப் பை, சைக்கிள் சீட் உறை எல்லாம் தைத்திருக்கிறேன். கல்யாணமான பிறகும் பட்டறைக்கு வருகிற சீட் உறைகளை வீட்டில் உட்கார்ந்து நான்தான் தைப்பேன். ஆனால் பட்டறைக்குப் போகக் கூடாது. தைக்கிறது வூட்ல, ஒட்டறது ரோட்ல என்பார். ரோட்டில் ஒரு பொம்பளை உட்கார்ந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. என்னமோ ஆகிவிடும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆள் தேடினார். திருச்சியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் லாரி டிரைவர்களிடம் சொல்லி அனுப்பினார். முகூர்த்த நாள், எல்லோருக்கும் கைநிறைய வேலை, ஒருத்தரும் வருவதாக இல்லை. திங்கட்கிழமை காலையில் என்னிடம் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இடது கையால் பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் புடவையைத் தூக்கிச் செருகி, நாலு இடத்தில் ஊக்குக் குத்திக்கொண்டு பின்னாலேயே போனேன்.

முதல் நாள் கார்ப்பெட். டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, காலை வெளியே நீட்டிக்கொண்டு படுத்தால்தான் முன்பக்க மூலைக்குக் கை போகும். சுண்ணாம்புக்கல் ஏற்றின லாரிகள் போகிற ரோடு. என் காலைப் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தனும் வேகத்தைக் குறைத்தான். ஒருத்தன் ஹாரனை அமுக்கினான். எழுந்து வந்து, “என்னடா, உன் வூட்ல பொம்பளையே இல்லையா?” என்று கேட்டேன். அதற்குப் பிறகு கொஞ்சம் பரவாயில்லை.

லாரிக்காரனைச் சமாளித்துவிடலாம். சொல்யூஷனைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஒட்டுகிற பசையை நாங்கள் சொல்யூஷன் என்போம். கார்ப்பெட்டின் அடியிலும் பூச வேண்டும், தரைத் தகட்டிலும் பூச வேண்டும். பூசிவிட்டு உடனே ஒட்டக் கூடாது. தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வருகிற வரைக்கும் சும்மா உட்கார வேண்டும். எனக்கு அந்தச் சும்மாதான் வராது. சோறு வேகும்போதே மூன்று தடவை மூடியைத் திறந்து பார்க்கிறவள் நான்.

“காஞ்சிடுச்சு.”

“இல்ல.”

“காஞ்சிடுச்சுங்க, தொட்டுப் பாருங்க.”

“இல்லேங்கறேன்ல.”

காரைச் சுற்றி நடப்பேன். டப்பாவில் இருக்கிற பின்களை எண்ணுவேன். திரும்பி வந்து தொடுவேன். அவரோ ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கென்ன என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சொன்னதைக் கேட்காமல் ஒரு தடவை அழுத்திவிட்டேன். பத்தாவது நிமிடம் கார்ப்பெட் அங்கங்கே உப்பிக்கொண்டு நின்றது. உரித்து மறுபடி பூசினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நாலு வார்த்தை திட்டினால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், இரண்டு பேருக்கும் ஆறியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை கை பழகிவிட்டது. பின் அடிக்கிற கன் ஒன்று மெட்ராஸிலிருந்து வாங்கி வைத்திருந்தார். அவருடைய பெருமையே அதுதான், வேறு யாரையும் தொடவிட மாட்டார். அதன் பிடியை அமுக்க முரட்டுப் பலம் வேண்டும். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, அதன் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தேன். சாயங்காலத்துக்குள் தரை முழுக்க முடிந்தது. ஒரு சுருக்கம் இல்லை. எனக்கே நம்ப முடியவில்லை. இரண்டு தடவை செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் கால் வைத்துப் பார்த்தேன்.

எதிர் டீக்கடைக்காரர் கிளாஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். “ஏண்ணே, உங்களவிட வேகமால்ல இருக்கு! இனிமே நீங்க வூட்ல உக்காந்து மிஷின மிதிங்க,” என்று சிரித்தார். கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். என் வீட்டுக்காரர் டீயைக் குடிக்காமலே கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை கதவுகள். கதவின் உட்பக்கம் என்பது ஒரு ஹார்டுபோர்டு அட்டை. அதன் மேல் மெல்லிய ஃபோம், அதன் மேல் ரெக்சின், கீழே நாலு விரல் உயரத்துக்குக் கார்ப்பெட். ஓரத்தையெல்லாம் பின்பக்கம் மடித்துப் பின் அடித்து, கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடிக்கும் கதவு திறக்கிற கைப்பிடிக்கும் ஓட்டை விட வேண்டும். இரண்டு அட்டைகளையும் கை உடைவதற்கு முன்னாலேயே அவர் வெட்டி வைத்திருந்தார். வலது கதவின் பழைய அட்டை மழைத் தண்ணீரில் ஊறி உதிர்ந்துபோயிருந்ததால், இடது கதவின் அட்டையை அளவாக வைத்தே இரண்டையும் வெட்டிவிட்டார். கார்ப்பெட் எங்கே தொடங்க வேண்டும் என்று இரண்டிலும் ஒரே பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்.

தையல்காரிக்குச் சாக்பீஸ் கோடு என்றால் அது துணியின் உள்பக்கம். கோடு உள்ளே போக வேண்டும், நல்ல பக்கம் வெளியே தெரிய வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பத்து வருடமாகக் கை அப்படித்தான் போகிறது. முதல் அட்டையைக் கோடு உள்ளே போகிற மாதிரி வைத்து மறுபக்கத்தில் ஒட்டினேன். இடது கதவு. அழகாக உட்கார்ந்தது. இரண்டாவது அட்டையையும் அதே மாதிரி ஒட்டினேன். இரண்டு மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு வலது கதவுக்குப் போனேன்.

பொருந்தவில்லை.

முன்பக்கம் சரிய வேண்டிய ஓரம் பின்பக்கம் சரிந்தது. கைப்பிடி ஓட்டை ஒன்றுகூடக் கம்பிக்கு நேராக வரவில்லை. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். இடது கதவுக்குப் போய் வைத்துப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. ஒரே அளவில் வெட்டின இரண்டு அட்டையில் ஒன்றைத் திருப்பிப் போட்டு ஒட்டியிருக்க வேண்டும். நான் இரண்டையும் இடது கதவாகவே செய்து வைத்திருந்தேன்.

ரெக்சினும் தீர்ந்துவிட்டது. இடத்துக்காரர் திருச்சியில் அளந்து வாங்கிக் கொடுத்த மெரூன் நிறம், கொசுறு இல்லை. ஒட்டினதை உரித்தேன். ஃபோம் பிய்ந்து வந்தது. ஓட்டை போட்ட இடத்தில் ரெக்சின் கிழிந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா, என்ன ஆச்சுன்னு?”

“ம்.”

“அரியலூர் போயிட்டு வரேன். அந்தப் பைக்கடையில ஏதாச்சும் துணி இருக்கும்.”

“இந்த மெரூன் அங்க கெடைக்காது.”

“கெடைக்கறத வாங்கிட்டு வரேன். சும்மா உக்காந்திருக்கச் சொல்றீங்களா?”

பஸ்ஸில் சீட் இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை. சொல்யூஷன் வாடை அடிக்கிறது என்று ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். விரலெல்லாம் கறுத்து, நகத்துக்குள் பசை. வண்டியோ கை காட்டினவர்களுக்கெல்லாம் நின்றது. ஓர் இடத்தில் ஆட்டை ஏற்றலாமா கூடாதா என்று சண்டை. இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம் போல இருந்தது. பாதி வழியில்தான் எனக்கு அது தோன்றியது. அவர் ஸ்டூல் எனக்கு நேர் எதிரே இருந்தது. இரண்டாவது அட்டையை நான் எடுத்து வைத்தபோது, பசை பூசினபோது, காய்வதற்காகக் காரைச் சுற்றி நடந்தபோது, எல்லா நேரமும் அவர் அங்கேதான் இருந்தார். பத்து நிமிடம். அந்தக் கண்ணுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

பைக்கடை முதலாளி என்னைப் பார்த்ததும், “என்னம்மா, தாரு போடற வேலைக்குப் போறியா?” என்றார். கறுப்பு ரெக்சின் கட்டுக் கட்டாக இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார்.

“கல்யாணக் காருங்க. கறுப்பப் போட்டா என்னைய அடிச்சே கொன்னுடுவாங்க.”

மூலையில் சந்தன நிறத்தில் ஒரு துண்டுச் சுருள் கிடந்தது. நீளம் இருந்தது, அகலம் போதாது. முழுக் கதவுக்கு வராது. அதைப் பிரித்து மேஜையில் போட்டுவிட்டு அங்கேயே நின்று யோசித்தேன். நான் கிழித்த ரெக்சினில் ஓட்டையும் கிழிசலும் நடுவில்தான். மேலே ஒரு துண்டும் கீழே ஒரு துண்டும் நல்லதாகத் தேறும். நடுவில் ஒரு சாண் அகலத்துக்குச் சந்தனப் பட்டை கொடுத்தால் கிழிசல் மறையும். ஒரு கதவில் மட்டும் கொடுத்தால் ஒட்டுப்போட்டது என்று தெரிந்துவிடும். நாலு கதவிலும் கொடுத்தால் அது டிசைன். நாலுக்கும் துணி வருமா என்று மூன்று தடவை அளந்தேன். வந்தது.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் பெரம்பலூர் திரும்பினேன். அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

“ரெண்டாவதை ஒட்டும்போது பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“பாத்தேன்.”

“தப்புன்னு தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?”

அவர் மாவுக்கட்டை இடது கையால் தடவினார். “மூணு வருஷம் ஒருத்தர்கிட்ட அடி வாங்கிக் கத்துக்கிட்ட வேலை இது. நீ ரெண்டு நாள்ல செஞ்சுட்ட. டீக்கடையில சிரிக்கிறானுவ. ஒரு எடத்துலயாவது தப்பு பண்ணட்டுமேன்னு இருந்துட்டேன். நீ ஒட்டி முடிச்சப்பறம் சொல்ல வாய் வரல.”

“பட்டறை போயிடும்னு தோணலியா?”

“அப்பத் தோணல.”

அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இவரிடம் பேசி என் பொழுது போக வேண்டாம் என்று மிஷினில் போய் உட்கார்ந்தேன். பட்டைகளுக்கு இரண்டு ஓரத்திலும் மிஞ்சின மெரூன் துணுக்கை மெல்லிசாக உருட்டிப் பைப்பிங் விளிம்பு வைத்துத் தைத்தேன். இரண்டு தடவை ஊசி ஒடிந்தது. அவர் மூன்றாவது ஊசியை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன், முகத்தைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் பட்டறையில் இருந்தேன். வலது கதவின் அட்டையைத் திருப்பிப் போட்டு, வேறு ஃபோம் வைத்து ஒட்டினேன். மற்ற மூன்று கதவின் கைப்பிடியையும் கழற்றி, பட்டை கொடுத்து, ஓரத்தை மடித்துப் பின் அடித்தேன். அவர் அட்டையை முழங்காலால் முட்டுக்கொடுத்து இடது கையால் பிடித்துக்கொண்டார். கடைசிக் கைப்பிடியை முடுக்கும்போது பதினொன்றரை மணி. அப்போதே இடத்துக்காரர் டிரைவரோடு வந்து இறங்கிவிட்டார். புது வேட்டி, நெற்றியில் சந்தனம், முகத்தில் கல்யாண வீட்டு அவசரம்.

நாலு கதவையும் திறந்து பார்த்தார். வலது முன்கதவின் பட்டையைக் கையால் தடவினார். “அடடா! நான் மெரூன் மட்டுந்தானே குடுத்தேன்? இது எங்கேருந்துப்பா புடிச்ச? கல்யாணக் களை வந்துடுச்சே வண்டிக்கு! ஒத்தக் கையோட எப்படிப்பா செஞ்ச?”

நான் கார்ப்பெட் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு குனிந்தே இருந்தேன். சமாளிச்சேங்க என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேர் இவருக்குத்தான். டீக்கடையிலும் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் செய்யலீங்க,” என்றார் என் வீட்டுக்காரர். “நான் உக்காந்திருந்தேன். செஞ்சதெல்லாம் இவதான்.”

இடத்துக்காரர் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. என்னையும் என் கறுத்த விரலையும் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பவும் காரைச் சுற்றி வந்தார், இந்தத் தடவை குனிந்து குனிந்து. பின்பக்க இடது கதவின் கீழ்மூலையில் விரலை வைத்து நெம்பினார்.

“அதான பாத்தேன். பொம்பள கை வச்சா இப்படித்தான். தோ பாரு, இந்த மூலை தூக்கிட்டு நிக்கிது. இதுக்காப்பா நான் ஒங்கிட்ட வண்டிய விட்டேன்?”

அது நான் ஒட்டின மூலை இல்லை. என் பட்டை கதவின் நடுவில் இருந்தது. கீழ்மூலை என் வீட்டுக்காரர் கை உடைவதற்கு முன்னால் ஒட்டினது. சொல்ல வாய் வந்துவிட்டது. சொன்னால் டீக்கடைக்கு முன்னால் அவர் மானம் போகும். நேற்று அவர் எனக்குச் செய்ததை நான் இன்றைக்கு அவருக்குச் செய்யலாம், அதுவும் பொய் இல்லாமல். சொல்லாவிட்டாலோ பட்டறை போனாலும் போகும், பழி என் மேல் நிற்கும். துணுக்குகளைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அந்தக் கதவு நான் ஒட்டினதுங்க,” என்றார் அவர். சத்தமாகவே சொன்னார், டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி. “கை நல்லா இருந்தப்ப ஒட்டினது. அவ ஒட்டினதுல ஒரு மூலை தூக்கலீங்க. நீங்களே நெம்பிப் பாருங்க.”

இடத்துக்காரர் நெம்பிப் பார்க்கவில்லை. “சரி சரி, நேரமாச்சு,” என்று முன்சீட்டில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார். டிரைவர் வண்டியைத் திருப்பினார். இடத்தைப் பற்றி அவர் அன்றைக்கும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை.

கார் ரோட்டில் ஏறிப் போகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாதி தீர்ந்தது. மீதியை வைத்துக்கொண்டு நான் துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தேன்.

“நாளைக்குக் கல்யாணத்துக்குப் போவணும்,” என்றார். ஸ்டூலை ஓரமாக நகர்த்திவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார். “சனிக்கெழம ஒரு வேன் வருது. நீ எத்தன மணிக்கு வருவ?”

“ஏழு,” என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, பின் அடிக்கிற கன்னைத் துணியில் துடைத்து என் பக்கமாக வைத்தார்.